ரோட்டவேட்டர் மாட்ட 3 பின் போதும். அந்த ஷாஃப்ட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு? டிராக்டரை மாற்றிய ஹாரி ஃபெர்குசனின் கதை

திருத்தணிக்காரர்களுக்கு 1960 மறக்க முடியாத ஆண்டு. அதுவரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, அந்த ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குக் கிடைத்த பலன் அது.

அதே 1960-ல்தான் சென்னையில் டாஃபே டிராக்டர் நிறுவனம் உருவானது. மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கேயே தயாரிப்பதற்காக, அமால்கமேஷன்ஸ் குழுமம் தொடங்கிய கம்பெனி. அதே ஆண்டு அக்டோபர் 25-ம் தேதி, இங்கிலாந்தில் ஸ்டோ-ஆன்-தி-வோல்ட் என்ற ஊருக்கு அருகே உள்ள தன் வீட்டில் ஹாரி ஃபெர்குசன் இறந்துபோனார். வயது 75.

இந்த மூன்றுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் இன்று திருத்தணியைச் சுற்றியுள்ள நெல், கரும்பு, நிலக்கடலை வயல்களில் ஒருவர் டிராக்டரை ரிவர்ஸ் எடுத்து ரோட்டவேட்டரை மாட்டுகிறார் என்றால், அந்த வேலையில் முக்கால்வாசி ஃபெர்குசன் யோசித்து வைத்தது. மீதி கால்வாசி, அதாவது அந்த பி.டி.ஓ. ஷாஃப்ட், இன்றைக்கும் மண்டியிட்டு, கையில் கிரீஸ் பூசிக்கொண்டு மாட்ட வேண்டியதாகவே இருக்கிறது. ஏன்?

யார் இந்த ஃபெர்குசன்?

1884 நவம்பர் 4-ம் தேதி, இன்றைய வடக்கு அயர்லாந்தின் டவுன் கவுன்டியில், க்ரோவெல் என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா விவசாயி. வீட்டில் மொத்தம் 11 குழந்தைகள், இவர் நான்காவது. 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் பண்ணையில் வேலைக்கு இறங்கினார். ஆனால் அந்த வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்பாவின் கண்டிப்பான மத நம்பிக்கையோடும் ஒத்துப்போகவில்லை.

1902-ல் அண்ணன் ஜோ பெல்ஃபாஸ்ட் நகரில் நடத்திவந்த சைக்கிள், கார் ரிப்பேர் கடையில் சேர்ந்தார். அங்கேதான் கை தேறியது. மோட்டார் சைக்கிள் ரேஸ், கார் ரேஸ் என்று சுற்றினார். அப்புறம் விமானப் பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டு விமானக் கண்காட்சிகளைப் பார்த்துவிட்டு வந்து, தானே ஒரு விமானத்தைக் கட்டினார். 1909 டிசம்பர் 31-ம் தேதி ஹில்ஸ்பரோவில் அதை ஓட்டினார். பறந்த தூரம் சுமார் 130 கஜம்தான். ஆனாலும் அயர்லாந்து மண்ணில் இயந்திர விமானத்தில் பறந்த முதல் ஆள் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

1911-ல் சொந்தமாக மோட்டார் கடை போட்டார். முதல் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் அமெரிக்க டிராக்டர்களை வாங்கி விற்க ஆரம்பித்தார். பண்ணை வேலை பிடிக்காமல் ஓடிவந்தவர், சுற்றிவந்து மறுபடியும் வயலுக்கே வந்து சேர்ந்தார்.

டிராக்டர் ஆளைக் கொன்ற காலம்

1917-ல் போர் உச்சத்தில் இருந்தது. உணவுத் தட்டுப்பாடு. அயர்லாந்தில் டிராக்டர்களை இன்னும் நன்றாகப் பயன்படுத்த வழி கண்டுபிடிக்கும்படி அரசுத் தரப்பில் ஃபெர்குசனிடம் பொறுப்பு கொடுத்தார்கள். வில்லி சாண்ட்ஸ் என்ற திறமையான மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்.

அவர் பார்த்தது இதைத்தான்: மாட்டுக்குப் பதிலாக டிராக்டர் வந்திருக்கிறதே தவிர, கலப்பை இன்னும் மாட்டுக் காலத்துக் கலப்பை. ஒரு சங்கிலியிலோ கம்பியிலோ டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பைக்குத் தனிச் சக்கரம், தனி எடை. டிராக்டருக்கோ பிடிப்புக்காகக் கூடுதல் எடை. இரண்டும் சேர்ந்து மண்ணை அழுத்திக் கெட்டியாக்கின.

இதைவிட மோசமான பிரச்சினை ஒன்று இருந்தது. உழும்போது கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், பின்சக்கரம் நின்றுவிடும். எஞ்ஜின் நிற்காது. அந்த விசை டிராக்டரின் முன்பக்கத்தை மேலே தூக்கும். சில நொடிகளில் டிராக்டர் மல்லாக்கக் கவிழ்ந்து ஓட்டுநர் மேல் விழும். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் விலை குறைவு, விற்பனையும் அமோகம். ஆனால் இப்படிக் கவிழ்வதில் அதற்குக் கெட்ட பெயரும் இருந்தது.

டிராக்டரும் கருவியும் இரண்டு தனிப் பொருள்களாக இருக்கும்வரை இந்தச் சிக்கல் தீராது என்று ஃபெர்குசன் முடிவுக்கு வந்தார். இரண்டும் சேர்ந்து ஒரே இயந்திரமாக வேண்டும். அடுத்த 20 ஆண்டுகள் அவருடைய வேலை இந்த ஒரே யோசனைதான்.

மூன்று புள்ளி எப்படி வேலை செய்கிறது?

முதலில் கலப்பையை டிராக்டரோடு ஒட்டி மாட்டிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கம்பிகளால் இணைத்தார். 1926-ல் ஹைட்ராலிக் முறைக்கான காப்புரிமை கிடைத்தது. கடைசியில் வந்து நின்றதுதான் இன்று நாம் பார்க்கும் அமைப்பு: கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க். மொத்தம் மூன்று புள்ளிகள். மூன்று புள்ளிகள் சேர்ந்தால் ஒரு முக்கோணம். அதனால் கருவி ஆடாமல் நிற்கும்.

இதில் இரண்டு நன்மைகள். ஒன்று, மண்ணைக் கிழிக்கும்போது கலப்பை முன்னால் சாய்ந்து டாப் லிங்க்கை டிராக்டரை நோக்கித் தள்ளும். அந்த விசை டிராக்டரின் மூக்கைக் கீழே அழுத்தி வைக்கும். முன்பக்கம் தூக்குவது பெருமளவு குறைந்தது. கலப்பையின் எடையும் மண்ணின் இழுவையும் பின்சக்கரத்தில் இறங்குவதால், சின்ன டிராக்டருக்கே நல்ல பிடிப்பு கிடைத்தது.

இரண்டு, டாப் லிங்க்கின் முனையில் ஒரு ஸ்பிரிங். மண் கடினமானால் ஸ்பிரிங் அழுந்தும், ஹைட்ராலிக் வால்வு திறக்கும், கலப்பை கொஞ்சம் மேலே வரும். மண் இளகினால் கீழே போகும். இன்று டிராக்டர் விளம்பரங்களில் டிராஃப்ட் கன்ட்ரோல் என்று பெருமையாகச் சொல்லப்படுவது இதுதான்.

மாட்டுவதும் சுலபமானது. டிராக்டரை ரிவர்ஸ் எடுத்து, இடது லிங்க், வலது லிங்க், டாப் லிங்க் என்று வரிசையாக மூன்று பின் போட்டால் முடிந்தது. முதலில் இடது, அப்புறம் வலது என்பதற்குக் காரணம் உண்டு. வலது பக்க லிங்க்கை ஒரு கைப்பிடியால் ஏற்றி இறக்கலாம். அதனால் இடது பக்கம் மாட்டிய பிறகு, கருவியைத் தூக்காமலேயே வலது பக்கத்தைச் சரிசெய்து பின் போடலாம். இரண்டு மூன்று பேர் தள்ளித் தூக்கிச் செய்த வேலையை ஒரே ஆள் சில நிமிடங்களில் முடிக்க முடிந்தது.

ஒரு கைகுலுக்கல், ஒரு வழக்கு

யோசனை இருந்தது, டிராக்டர் இல்லை. 1933-ல் தன் முறையைக் காட்டுவதற்காகவே ஒரு மாதிரி டிராக்டர் செய்தார். கறுப்பு நிறம். இப்போது அது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1936-ல் டேவிட் பிரவுன் என்ற கியர் தயாரிப்பாளரோடு சேர்ந்து டிராக்டர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சுமார் 1,350 டிராக்டர்களே தயாராயின. பெரிய டிராக்டர் வேண்டும் என்பது பிரவுனின் எண்ணம். விலை குறைய வேண்டும் என்பது ஃபெர்குசனின் பிடிவாதம். கூட்டு நிலைக்கவில்லை.

1938 அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டின் பண்ணையில் தன் டிராக்டரை உழுது காட்டினார். பெரிய டிராக்டர்கள் திணறிய இடத்தில் இது சாதாரணமாகப் போனது. ஃபோர்டு அசந்துபோனார். இருவரும் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஃபோர்டு தயாரிப்பார், ஃபெர்குசன் விற்பார். வக்கீல் இல்லை, பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை.

1939 ஜூனில் ஃபோர்டு 9என் டிராக்டர் வெளிவந்தது. அறிமுக விழாவில் 8 வயதுச் சிறுவன் ஒருவனை ஓட்டி உழ வைத்துக் காட்டினார்கள். அதுவும் அதன் அடுத்த வடிவமும் சேர்ந்து எட்டே ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் டிராக்டர்கள் வெளியே போயின.

அப்புறம்தான் சிக்கல். ஃபோர்டு நிறுவனத்தின் பொறுப்பு பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டின் கைக்கு வந்தது. கம்பெனி நஷ்டத்தில் இருந்தது. 1947-ல் ஏற்பாட்டை முறித்துக்கொண்டு, அதே மூன்று புள்ளி முறையோடு சொந்தமாக டிராக்டர் விற்கத் தொடங்கினார்கள். எழுத்தில் எதுவும் இல்லாத ஒப்பந்தம். ஃபெர்குசனின் அமெரிக்க வியாபாரம் ஒரே அடியில் சரிந்தது.

63 வயதில் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் மீது வழக்கு போட்டார். முதலில் கேட்ட தொகை சுமார் 25 கோடி டாலர். நான்கு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 1952 ஏப்ரலில் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. கேட்டதில் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் கண்டுபிடிப்பு தன்னுடையது என்று பெரிய கம்பெனியைப் பணம் கொடுக்க வைத்துவிட்டார்.

சாம்பல் நிற டிராக்டரும் ஒரே ஸ்பேனரும்

வழக்குக்கு முன்பே, 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியோடு சேர்ந்து டிஇ20 என்ற டிராக்டரைத் தொடங்கியிருந்தார். சின்ன உருவம், சாம்பல் நிறம். 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கு ஓட்டிப் போனதும் இந்த டிராக்டர்களைத்தான்.

ஃபெர்குசனின் குணம் தெரிய வேண்டும் என்றால் இந்த டிராக்டரோடு வந்த ஸ்பேனரைப் பார்த்தால் போதும். பெரும்பாலான நட்டுகளுக்கு அந்த ஒரே ஸ்பேனர் பொருந்தும். அதன் மேலேயே அளவுக் கோடுகளும் உண்டு. கருவியைச் சரியாக அமைக்க அதையே ஸ்கேலாகப் பயன்படுத்தலாம். வயலில் நிற்கும் விவசாயியிடம் டூல்ஸ் பெட்டி இருக்காது என்பதை யோசித்துச் செய்தது அது. சுத்தத்திலும் ஒழுங்கிலும் அவர் காட்டிய கறார்தனத்தைக் கூட வேலை செய்தவர்கள் கடைசிவரை மறக்கவில்லை.

1953-ல் தன் கம்பெனியைக் கனடாவின் மாஸி-ஹாரிஸோடு இணைத்தார். விலை பேசும்போது 10 லட்சம் டாலர் வித்தியாசம் வந்தது. நாணயம் சுண்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று அவரே சொல்லி, அவரே தோற்றார். அப்படி உருவானதுதான் பின்னாளில் மாஸி ஃபெர்குசன் ஆன நிறுவனம்.

சரி, பி.டி.ஓ. எங்கே வருகிறது?

கலப்பைக்கு இழுவை மட்டும் போதும். ரோட்டவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம், புல் வெட்டும் கருவிக்கு எஞ்ஜினின் சுழற்சியும் வேண்டும். அதை டிராக்டரின் பின்பக்கத்தில் ஒரு பல் வெட்டிய தண்டு வழியாக வெளியே எடுப்பதே பி.டி.ஓ. இது ஃபெர்குசனின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1918-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்க வேளாண் பொறியாளர்கள் அதற்குப் பொது அளவும் வகுத்தார்கள். ஆறு பல், 1⅜ இன்ச் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று என்று இன்று நம் ஊரில் பரவலாக இருப்பது அந்த வழியில் வந்தது.

மூன்று புள்ளி வந்த பிறகு ஷாஃப்ட்டுக்கும் ஒரு நல்லது நடந்தது. சங்கிலியில் இழுக்கும் கருவி இப்படி அப்படி அலையும். மூன்று புள்ளியில் மாட்டிய கருவி டிராக்டரிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கும். அதனால் ஷாஃப்ட் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை அளந்து, வெட்டி, பொருத்த முடிந்தது.

ஆனால் இந்தப் பகுதியில் ஃபெர்குசனே கோட்டைவிட்ட இடங்கள் உண்டு. டிஇ20-ல் அவர் வைத்த பி.டி.ஓ. தண்டு 1⅛ இன்ச். பொது அளவைவிடச் சின்னது. மற்ற கம்பெனிக் கருவியை மாட்ட இடையில் ஓர் அடாப்டர் போட வேண்டியிருந்தது. இணைப்பைச் சுலபமாக்கியவரே இங்கே தனி அளவு வைத்தார்.

இன்னொன்று கிளட்ச். கிளட்ச்சை மிதித்தால் சக்கரம், பி.டி.ஓ., ஹைட்ராலிக் மூன்றுக்கும் விசை நின்றுவிடும். ஆனால் பின்னால் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும் கனமான கருவி உடனே நிற்காது. அது ஷாஃப்ட் வழியாக கியர் பாக்ஸைத் திருப்பி, டிராக்டரை முன்னால் தள்ளும். வரப்பு ஓரத்தில், வேலி ஓரத்தில் நிறுத்தப் பார்க்கும் ஓட்டுநருக்கு இது ஆபத்து. இதற்காக ஒரு பக்கம் மட்டும் விசை கடத்தும் தனி இணைப்பை மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 1956-ல் வந்த ஃபெர்குசன் 35 வரிசையில் இரட்டை கிளட்ச் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. நம் ஊரில் பழக்கமான 1035 அந்த வரிசையின் வாரிசு. ஆனால் 35 வந்தபோது ஃபெர்குசன் கம்பெனியில் இல்லை.

இன்று ஷாஃப்ட் மாட்டும்போது என்ன கவனிக்கணும்?

மூன்று பின்னுக்கு இல்லாத நுணுக்கம் ஷாஃப்ட்டுக்கு ஏன் என்றால், இது ஒரே நேரத்தில் சுழலவும், மடங்கவும், நீளவும் வேண்டும். வாடகைக்கு ரோட்டவேட்டர் எடுப்பவர்கள், வார இறுதியில் ஊருக்குப் போய் அப்பாவின் டிராக்டரைத் தொடுபவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

நீளம்: ஒரு டிராக்டருக்கு வெட்டிய ஷாஃப்ட் இன்னொரு டிராக்டருக்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். கருவியை ஏற்றி இறக்கி, இரு தண்டுகளும் மிக அருகில் வரும் நிலையைப் பார்க்கணும். அந்த நிலையிலும் ஷாஃப்ட் முட்டக்கூடாது. முட்டினால் பேரிங்கும் கியர் பாக்ஸும் போகும். அதிகம் நீளும் நிலையில் உள்குழாயும் வெளிக்குழாயும் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கணும். குறைந்தால் ஓடும்போதே கழன்றுவிடும்.

கிராஸ் நேர்வரிசை: ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸ் இருக்கும். நடுக்குழாயின் இரு பக்கத்து யோக்கும் ஒரே கோட்டில் இருக்கணும். சதுரக் குழாயில் ஒரு பக்கம் திருப்பிச் செருகிவிட்டால், வேகம் சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். தடதடவென்று அதிரும். கிராஸ் சீக்கிரம் உடைவதற்கு இது முக்கியக் காரணம்.

கோணம்: கருவியை உயரத் தூக்கினால் ஷாஃப்ட் அதிகம் மடங்கும். திருப்பத்தில் ரோட்டவேட்டரை முழுக்கத் தூக்கும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிடுவது நல்லது.

லாக்: யோக்கைத் தண்டில் தள்ளினால் மட்டும் போதாது. லாக் பின் தண்டின் பள்ளத்தில் போய் உட்காரணும். மாட்டிய பிறகு ஒருமுறை பின்னால் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

பல் சேராவிட்டால்: எஞ்ஜினை ஆன் செய்து பல்லைச் சேர்ப்பது உயிருக்கு உலை. எஞ்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, கையால் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் திருப்பினாலே பல் சேர்ந்துவிடும். சுத்தியலால் அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. துருவைத் துடைத்து கிரீஸ் வைத்தால் போதும்.

கவர்: 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. வேட்டி, லுங்கி, துப்பட்டா முனை சிக்கினால் ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றிவிடும். கையை எடுக்க நேரமே இருக்காது. பிளாஸ்டிக் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கவரும், அது சுற்றாமல் பிடிக்கும் சங்கிலியும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசிக் காலம்

இணைப்பு நடந்த மறு ஆண்டே, 1954-ல், கருத்து வேறுபாட்டால் கம்பெனியை விட்டு ஃபெர்குசன் விலகினார். சும்மா இருக்கவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களில் இறங்கினார். சாலையில் கார் வழுக்கி மனிதர்கள் சாவதைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய புது யோசனை. டிராக்டரில் பார்த்த அதே பிரச்சினை, வேறு வடிவத்தில். அவருடைய குழு செய்த பி99 ரேஸ் கார், 1961-ல் ஓல்டன் பார்க் போட்டியில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டி ஜெயித்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. கடைசி ஆண்டுகளில் தூக்கமின்மையும் மனச்சோர்வும் அவரை வாட்டின.

அவர் போன பிறகு மூன்று புள்ளி இணைப்பு உலகத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. சர்வதேசத் தர அளவும் வந்தது. இன்று கேட்டகரி 1 என்றால் லோயர் லிங்க் பின் 22 மில்லிமீட்டர், கேட்டகரி 2 என்றால் 28 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி டிராக்டரிலும் எந்தக் கம்பெனிக் கருவியையும் மாட்டலாம். ஒரு காலத்தில் கோர்ட் வரை போன கண்டுபிடிப்பு, இன்று கடையில் பின் வாங்கி மாட்டும் விஷயம்.

ஷாஃப்ட் மட்டும் அந்த அளவுக்கு வரவில்லை. ஓட்டுநர் இறங்காமலேயே மாட்டும் அமைப்புகள் வெளிநாடுகளில் வந்திருக்கின்றன. ஆனால் விலை அதிகம், சின்ன டிராக்டருக்குக் கட்டுப்படியாகாது. டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவே மனிதன் நுழைய வேண்டிய தேவையைக் குறைப்பதுதான் ஃபெர்குசன் தொடங்கிய வேலை. மூன்று புள்ளியில் அது முடிந்தது. நான்காவது இணைப்பில் இன்னும் பாக்கி இருக்கிறது. அதை 8 ஏக்கர்காரர் வாங்கும் விலையில் முடித்துக் கொடுப்பவருக்கு, சந்தை செம்பியம் தொழிற்சாலையிலிருந்து திருத்தணி வயல் வரை காத்திருக்கிறது. அதுவரைக்கும் எஞ்ஜினை நிறுத்திவிட்டு, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகே ஷாஃப்ட்டைத் தொடுங்கள்.